பயிருக்கு வேண்டாம் என்ற விஷம், நாய்க்கு மட்டும் எதற்கு?

போன தை மாசம் ஒரு நாள் விடிகாலை, ஆடு பார்க்கும் அம்மா களத்திலிருந்தே சத்தம் போட்டார். "ஏனுங்க சார், ஓடியாங்க, பட்டி பூரா போச்சுங்க!" காங்கேயம் பக்கம் எங்கள் கொறங்காடு. கிளுவை வேலியில் அடிச்சந்து விழுந்த ஓரிடத்தில் நாய்கள் நுழைந்திருந்தன. 34 செம்மறியில் 11 செத்துக் கிடந்தன. ஒன்றையும் தின்னவில்லை. கழுத்தையும் தொடையையும் குதறிப் போட்டுவிட்டுப் போயிருந்தன. மிரண்டு ஓடிய சினையாடு இரண்டு அந்த வாரமே குட்டி வீசிவிட்டன. பார்க்க மனசு தாங்காமல் மதியத்துக்குள் குழி தோண்டிப் புதைத்துவிட்டோம்.

சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் துக்கம் கேட்க வந்தார். "அண்ணா, ரெண்டு கிலோ கோழிக்கழிவு, ஒரு கை குருணை மருந்து. ஒரே ராத்திரி, முடிஞ்சுது" என்றார். உடனே "வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. அதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருசமாகப் பூச்சிக்கொல்லி வாங்காதவன், அன்று ராத்திரி முழுக்க அந்தக் குருணையைப் பற்றியே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

விடிந்ததும் வேண்டாமென்று முடிவு செய்தேன். விஷத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. கறித்துண்டைக் காக்கை தூக்கிப்போய் தண்ணீர்த் தொட்டியில் போடும். கீரி தின்னும், மயில் கொத்தும். பட்டிக்குக் காவல் இருக்கும் நாயும் தின்னும். நாய்க்கு விஷம் வைப்பது சட்டப்படியும் குற்றம். இத்தனையும் செய்து பத்து நாய் செத்தால், தீனி கிடக்கும் இடத்துக்கு வேறு பத்து வந்து சேரும். புழுவுக்கு மருந்தடித்த கதைதான் இதுவும். நம் இதழைப் படிக்கிறவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, இந்த நாய்கள் எங்கிருந்து வருகின்றன? அடுத்த வாரம் டார்ச் அடித்துக் காவல் இருந்தோம். வந்த ஐந்தில் ஒன்றின் கழுத்தில் பெல்ட் இருந்தது. யார் வீட்டு நாய் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. பகலில் வாசலில் படுத்திருக்கும் நாய், ராத்திரி அவிழ்த்துவிட்டால் கூட்டம் சேர்ந்து வேறு பிராணி ஆகிவிடுகிறது.

வாய் திறக்காததற்கு எனக்கும் ஒரு காரணம் உண்டு. மூன்று வருசத்துக்கு முன் எங்கள் பொட்டைநாய் ஐந்து குட்டி போட்டது. கடுவன் இரண்டையும் கேட்டு வாங்கிப் போனார்கள். பொட்டை மூன்றும் மிச்சம். சாக்கில் போட்டு, கறிக்கடைப் பக்கம் "எப்படியும் பிழைச்சுக்கும்" என்று விட்டுவிட்டு வந்தேன். பிழைத்துத்தான் இருக்கும். ஒரு பொட்டை வருசத்துக்கு இரண்டு ஈத்து ஈனும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் செத்த 11 ஆட்டில் என் பங்கும் இருக்கிறது. தெருநாய் என்கிறோம். பாதி, நாம் தெருவில் விட்ட நாய். மீதியை, பாலத்தடியில் மூட்டை மூட்டையாகக் கொட்டும் கோழிக்கழிவு வளர்க்கிறது.

"ஆட்டைப் பறிகொடுத்தவன்கிட்ட ஜீவகாருண்யம் பேசாதீங்க" என்பார்கள். நான் அதைப் பேசவில்லை. ஆட்டைக் கடித்துப் பழகிய நாயை அங்கிருந்து அகற்றத்தான் வேண்டும். வெறிபிடித்த நாயையும் மூர்க்கமான நாயையும் பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கருத்தடைக்கு 2001-லேயே விதி வந்தது, 2023-ல் புதுப்பித்தார்கள். பொறுப்பு உள்ளாட்சியுடையது. ஆனால் விவாதமெல்லாம் நகரத்துத் தெருவோடு நின்றுவிடுகிறது. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்த பிறகுதான் பட்டியும் கணக்கில் வந்தது. ஒரு சிற்றூராட்சி தனியாகக் கருத்தடை மையம் வைக்க முடியாது. ஒன்றியத்துக்கு ஒன்று வேண்டும். ஒரு பகுதியில் பத்து நாயில் ஏழுக்காவது குறுகிய காலத்தில் செய்தால்தான் பலன். பத்துக்கு இரண்டு செய்துவிட்டுப் போட்டோ எடுப்பது வீண்.

இழப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. வங்கியில் இருந்த காலத்தில் ஆட்டுக்கடன் காப்பீட்டுக்கு வருகிறவர்களிடம், "காதில் தோடு இருக்கா? டாக்டர் சர்டிபிகேட் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று எனக்கு அது விதி. பட்டியில் நின்று அழுகிறவனுக்குக் காகிதம் ஞாபகம் வராது என்பது, டாக்டர் வருமுன்னே புதைத்துவிட்டு வெறுங்கையோடு நின்றபோதுதான் புரிந்தது. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். முதலில் போட்டோ எடுங்கள். கால்நடை மருத்துவருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகே புதையுங்கள். கடிபட்டுப் பிழைத்த ஆட்டை வெறுங்கையால் தொடாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள்.

நான் செய்தது கொஞ்சம்தான். வேலிச்சந்தை முள் வைத்து அடைத்தேன். ராத்திரி ஆடுகளை ஆளுயரக் கம்பிவலைப் பட்டிக்குள் அடைக்கிறேன். எங்கள் பொட்டைநாய்க்குக் கருத்தடை செய்தாயிற்று. பெல்ட் போட்ட நாயின் வீட்டுக்குப் போய், முதலில் என் மூன்று குட்டிக் கதையைச் சொன்னேன். பிறகுதான் அவர் நாயைப் பற்றிப் பேசினேன். இப்போது ராத்திரியில் கட்டிப்போடுகிறார். கோழிக்கழிவு மட்டும் பாலத்தடியில் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அடுத்த கிராமசபையில் அதையும் கருத்தடையையும் தீர்மானமாக எழுதச் சொல்லப் போகிறேன். உங்கள் ஊரிலும் எழுந்து நின்று கேளுங்கள். அதற்கு முன்னே, உங்கள் வீட்டுப் பொட்டைக்குட்டிகள் எங்கே போயின என்று ஒரு கணக்குப் பார்த்துவிடுங்கள்.