முறிந்ததா, முறித்தார்களா?

வகுப்பில் தன்வினை, பிறவினை நடத்தும்போது ஈழப்போர் பற்றிய எழுத்திலிருந்தே எடுத்துக்காட்டுத் தருவேன். பேச்சுவார்த்தை முறிந்தது. படைகள் நகர்ந்தன. மக்கள் இடம்பெயர்ந்தனர். எல்லாம் தன்வினை. காற்றில் கிளை முறிவதுபோல எல்லாம் தானாக நடந்துவிட்டதாம்!

2006 ஆகஸ்டில் முகமாலை அரண்களைப் புலிகள் தாக்கினார்கள். ஏ9 சாலை மூடப்பட்டது. (பாருங்கள், நானும் ஒளிகிறேன். மூடியது அரசு.) யாழ்ப்பாணத்துக்கு அரிசியும் மாவும் மருந்தும் வந்த தரைவழி அது. அக்டோபர் இறுதியில் ஜெனீவாவில் இரண்டு நாள் பேசினார்கள். சாலையைத் திறக்கச் சொன்னார்கள் புலிகள். அரசு மறுத்தது. எழுந்து போய்விட்டார்கள். போர் நூல்களில் அது 'வழங்கல் பாதை'. பால்மாவுக்கு வரிசையில் நின்றவளிடம் கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பாள்.

யார் கேட்டார்கள்? 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் பெண்களுக்கான துணைக்குழு கூடியது. தரப்புக்கு ஐந்து பெண்கள். அடுத்த மாதமே புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள், துணைக்குழுவும் போயிற்று. 2006இல் ஆண்கள் மேசைக்குத் திரும்பியபோது அதை யாரும் திரும்பக் கூட்டவில்லை.

பிறகு வன்னி. வீட்டுக்கு ஒருவரென்று புலிகள் பிள்ளைகளைப் பிடித்தார்கள். அதற்கு அஞ்சிச் சின்னஞ்சிறு பெண்களுக்குத் தாலி கட்டிவைத்தார்கள் பெற்றோர். பாதுகாப்பு வலயம் என்று தானே அறிவித்த இடத்தில் அரசு ஷெல் அடித்தது. தப்பி ஓடியவர்களைப் புலிகள் சுட்டார்கள். 2009 தொடக்கத்தில் உள்ளே இருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்றது அரசு. முடிவில் வெளியே வந்தவர்கள் 2,80,000க்கு மேல். உணவையும் மருந்தையும் குறைக்க உதவிய கணக்கு அது.

இரு தரப்பையும் சேர்த்துச் சொன்னால் இங்கே மேடைகளில் துரோகி என்பார்கள். சொல்லட்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் வந்து சொல்லட்டும்.

2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில் தாய்மார் போராட உட்கார்ந்தார்கள். அரசு அமைத்த அலுவலகத்தின் பெயரில் இருப்பது 'காணாமற்போன ஆட்கள்'. தாய்மார் சொல்வது 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்'. இலக்கணம் படிக்காதவர்களும் அந்தத் தன்வினையை ஏற்கவில்லை. போவதற்கு அந்தப் பிள்ளைகள் என்ன சந்தைக்கா போனார்கள்? கையைப் பிடித்துக் கூட்டிச்சென்று ராணுவத்திடம் ஒப்படைத்தோம் என்கிறார்கள். ஒப்படைத்த இடத்தையும் சொல்கிறார்கள்: வட்டுவாகல்.