மறதியை வாசலிலேயே கண்டுபிடியுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

சிவகங்கை மாவட்டம் ஒக்கூரிலிருந்து எழுதுகிறோம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள். அப்பத்தா அடுப்பை அணைக்க மறந்தால் "வயசாச்சுல்ல" என்கிறோம். ஐயாவுக்குக் கை நடுங்கினால் "தளர்ச்சி" என்கிறோம். அப்படியே இரண்டு மூன்று வருடம் ஓடிவிடுகிறது. மருத்துவத்துக்கு வேண்டியதே அந்த வருடங்கள்தான்.

காரணம் செல்லுக்குள் இருக்கிறது. சேதமான புரதங்களைச் செல் தானே உறையிட்டு, சிதைத்து, மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது. இந்தத் தற்சுத்திகரிப்பை ஈஸ்டில் ஆராய்ந்து விளக்கிய யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. தோல் செல் பிரிந்து பெருகும்போது கழிவும் பங்காகிக் குறையும். நரம்புச் செல்லுக்கு அந்த வழி இல்லை. பெரும்பாலும் அது பிரிவதேயில்லை, வாழ்நாள் முழுக்கத் தன் கழிவைத் தானே அகற்றியாக வேண்டும். வயதாக ஆக அந்த வேலை மந்தமாகிறது. அல்சைமரில் அமிலாய்டும் டௌவும், பார்க்கின்சனில் ஆல்ஃபா சைனூக்ளினும் என்று புரதங்கள் தேங்குகின்றன.

தேங்கியதை அகற்றச் செல்லைத் தூண்ட முடியுமா? பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ரவி மஞ்சித்தாயா குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 6-பயோ என்ற சிறு மூலக்கூறு தற்சுத்திகரிப்பைத் தூண்டி, பார்க்கின்சன் மாதிரி எலிகளின் மூளையில் புரதத் திரட்சியைக் குறைத்தது. எங்களுக்கு அருகிலேயே, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே. பாண்டிமாதேவி குழுவினர், கடற்பாசிகளிலிருந்து பிரித்த பொருள்களை அமிலாய்டு நச்சுக்கு எதிராகச் சோதித்திருக்கிறார்கள். அவற்றில் மரிக்கொழுந்துப் பாசியும் ஒன்று. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் அதே பாசி.

இவை எலியிலும் புழுவிலும் செல்லிலும் கண்டவை. மனிதருக்கு மருந்தாக இன்னும் வரவில்லை. பட்டினி கிடந்தால் தற்சுத்திகரிப்பு கூடி மறதி நோய் தீரும் என்று சொல்லிப் பொடி விற்பவர்கள் ஊருக்குள் வரத் தொடங்குமுன், இதைத் துறையே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மெலிந்த, சர்க்கரை மாத்திரை சாப்பிடும் முதியவரைப் பட்டினி போடுவது ஆபத்து.

நாளை மருந்தே வந்தாலும், செத்துப்போன நரம்புச் செல்லை அது எழுப்பாது. குப்பை சேரும் காலத்திலேயே ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் ஒருவர்கூட "வயசாச்சுல்ல" என்ற சொல்லோடு விடப்படக் கூடாது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களுக்கு எளிய தமிழில் ஒரு நினைவாற்றல் சோதனையும், நடையையும் நடுக்கத்தையும் கவனிக்கும் பயிற்சியும் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பதில் சொல்லும்படி அது இருக்கட்டும். சந்தேகம் எழுந்தால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நினைவாற்றல் பிரிவு ஒன்று, வாரம் ஒரு நாளாவது, அவர்களைப் பார்க்கட்டும். அந்தப் பிரிவையும் காரைக்குடி ஆய்வகத்தையும் இணைத்து நிதி ஒதுக்குங்கள். மனிதரிடம் சோதிக்கும் கட்டம் வரும்போது, உரிய ஒப்புதலோடு எங்கள் ஊர் முதியவர்களும் அதில் இடம்பெற வேண்டும்.

முதல் நினைவாற்றல் சோதனையை ஒக்கூர் ஊராட்சியிலேயே தொடங்குங்கள். வீடு வீடாகத் தன்னார்வலர்களை அழைத்துச் செல்ல நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஒக்கூர் மக்கள் சார்பில்
ஆசிரியர்