அகழ்வாய்வு அறிஞர் கையில் இருக்கட்டும்!

'தொல்பொருள்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, பொத்துவில் முதல் கல்முனை வரை வேளாண்மை செய்யும் மக்களின் நெஞ்சம் துணுக்குறுகிறது. நிலம் பறிபோய்விடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணிக்குத் தலைமை தாங்கியவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அக்குழு அமைக்கப்பட்டபோது, அதில் தமிழர் ஒருவரோ முஸ்லிம் ஒருவரோ இடம்பெறவில்லை. அச்சம் எழாமல் வேறென்ன எழும்?

ஆயினும், அச்சத்தால் அறிவையே வெறுத்துவிடலாகாது. தொல்லியல் இவ்வாறுதான் நடைபெற வேண்டுமென்ற விதியில்லை என்பதற்கு அறிஞர் பி. ஈ. பி. தெரணியகலவின் வாழ்வே சான்று. 1900இல் பிறந்து, கேம்பிரிட்ஜிலும் ஹாவர்டிலும் பயின்ற அவர், 1939 முதல் 1963 வரை கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கினார். அவரது ஆய்வுக்களம் மன்னர் மாளிகைகள் அல்ல. இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகள். ஏழைத் தொழிலாளர் மண்ணோடு வெளியே எடுத்த எலும்பும் பல்லும் அவருக்கு ஏடுகளாயின. நீர்யானையும் காண்டாமிருகமும் ஒரு காலத்தில் இத்தீவில் உலவின என்பதை அவற்றைக் கொண்டே விளக்கினார். குருவிட்டையில் கிடைத்த இரண்டே பற்களை ஆராய்ந்து, அழிந்துபோன சிங்க இனமொன்றை 1939இல் உலகுக்கு அறிவித்தார். இந்நாட்டின் ஆதி மனிதனைப் 'பலாங்கொடை மனிதன்' என உலகறியச் செய்தவரும் அவரே.

தந்தை வழியில் நடந்த சிறான் தெரணியகல, 1992 முதல் 2001 வரை தொல்பொருள் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகமாகப் பணியாற்றினார். அவர் ஆராய்ந்த பழைய கரையோர மணற்படிவுகள் ஆய்வேடுகளில் 'இரணைமடுப் படிவு' என்றே வழங்குகின்றன. வன்னி உழவரின் குளப்பெயர் அறிவுலகில் நிலைபெற்றுவிட்டது!

பலாங்கொடை மனிதன் எம்மொழி பேசினான்? எத்தெய்வத்தை வணங்கினான்? எந்த எலும்பும் அதைச் சொல்லவில்லை. பாகியன்கலக் குகையில் கிடைத்த மனித எச்சங்கள் 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அத்தகைய தொன்மையின் முன்னே, 'நாமே முதலில் வந்தோம்' என்று வழக்காடும் கட்சியினர் அனைவரும் நேற்றைய மனிதரே. வரலாற்றுக்கு முந்திய காலத்தைக் கற்றவன் அதை எல்லைக் கல்லாக நடமாட்டான்.

ஆதலின் நாம் கேட்பது இதுவே: அகழ்வாய்வை நூதனசாலையும் பல்கலைக்கழகங்களும் நடத்துக. தமிழ் பேசும் ஆய்வாளரும் அதில் பங்கு பெறுக. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் உடனிருந்து கற்க. கண்டது யாது என்பதை நிலத்துக்குரியவனுக்கு அவன் மொழியிலேயே அறிவிக்குக. காணி தேவையெனில், அவனைக் கேட்டு, நட்டஈடு கொடுத்த பின்னரே எல்லை இடுக.

நம் உழவர் பெருமக்களுக்கும் ஒரு சொல்: ஏர் முனையில் பழங்கல்லோ பானையோடோ அகப்படுமாயின், அஞ்சி மறைக்கவும் வேண்டாம், வரப்பில் வீசி எறியவும் வேண்டாம். மாணிக்கக் குழித் தொழிலாளியின் கைபட்ட பல் ஒன்று ஒரு நாட்டின் கதையையே மாற்றியது. ஆனால் அத்தகைய நம்பிக்கையைத் துப்பாக்கி நிழலில் வளர்க்க இயலாது. அரசு அதை உணரட்டும்!