புல் தின்ற டைனோசரும் புலமைப் பெருமிதமும்

நீண்ட பதிவு; பொறுத்தருள்க. ஆய்வு மாணவர்களும் அவர்களுக்கு நெறியாளர்களாக இருப்போரும் இறுதிவரை படித்துவிட்டு, மறுக்க வேண்டியதை மறுக்கலாம்.

வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொல்லுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். சென்ற மாதம், ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முந்தைய கருத்தரங்கில், பின்னிணைப்பில் நான் வைத்திருந்த ஒரே ஒரு படத்தை நீக்கச் சொன்னார்கள். நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி டைனோசரான பாராபாசாரஸ், உயிரோடு இருந்தபோது எவ்வாறு தோன்றியிருக்கும் என்று மையால் வரைந்த படம் அது. "பொழுதுபோக்கை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், இது ஆய்வேடு" என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். அவையில் சிரிப்பு எழுந்தது. நானும் நீக்கிவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பட்டம் வேண்டுமே!

அரங்கைவிட்டு வெளியே வந்தால், கதவருகே எங்கள் துறையின் சுவரொட்டி. பொருள்: இந்தியாவின் டைனோசர்கள். படம்: வாயைப் பிளந்து நிற்கும் டைரனோசாரஸ் ரெக்ஸ். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த ஊனுண்ணி அது. இந்திய நிலத்தில் கால் வைத்ததே இல்லை. அதைப் பார்த்து அவையில் யாரும் சிரிக்கவில்லை. ஆதாரத்தோடு வரைந்த உள்ளூர் விலங்கு பொழுதுபோக்கு. ஆதாரமே இல்லாமல் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய வெளிநாட்டு விலங்கு அறிவியல்! இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தொல்லுயிர் ஓவியம் என் பொழுதுபோக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வரைகிறேன், யாரும் பணம் தருவதில்லை. ஆனால் ஊதியம் இல்லாத வேலைக்கு ஒழுங்கும் இராது என்று எந்தத் தருக்க நூலும் சொல்லவில்லை. அதிலும் தாவர உண்ணியை வரைவது, ஊனுண்ணியை வரைவதைவிடக் கடினமானது. ஊனுண்ணிக்குத் திறந்த வாயும் பற்களும் போதும். பார்ப்பவர் மிரண்டுவிடுவார், வேறெதையும் கவனிக்க மாட்டார். தாவர உண்ணியை வரையத் தொடங்கினால் அது எதைத் தின்றது என்ற கேள்வி முதல் கோட்டிலேயே வந்து நிற்கும். தின்ற தாவரத்தை வரைய வேண்டும். அது வளர்ந்த மண்ணை வரைய வேண்டும். மெல்லாமல் விழுங்கிய இலைகளை நீண்ட நேரம் வைத்துச் செரிக்கும் பெருங்குடல் எங்கே அடங்கும் என்று யோசித்து வயிற்றின் வளைவை வரைய வேண்டும். யானையின் பாதத்தை அப்படியே ஒட்டிவிடவும் முடியாது; இவற்றின் முன்பாத எலும்புகள் தூண்போல் நிமிர்ந்து வளைவாக அடுக்கப்பட்டவை. ஒவ்வொரு கோடும் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படிக்க வைக்கிறது.

பாராபாசாரஸையே எடுத்துக்கொள்வோம். பிராணஹிதா, கோதாவரி ஆற்றுப் பள்ளத்தாக்கின் கோட்டா பாறைப்படிவுகளில் கிடைத்த ஜுராசிக் கால விலங்கு. 'பாரா பா' என்றால் வங்காளத்தில் பெரிய கால். 1961 தாகூர் நூற்றாண்டு ஆண்டாகையால் இனப்பெயர் 'தாகோரை' ஆயிற்று. முறையான அறிவியல் விவரிப்பு 1975இல் வெளியானது. குறைந்தது ஆறு விலங்குகளுக்குரிய ஏறத்தாழ 300 எலும்புகள் கிடைத்தன. கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் அதன் முழு உருவம் நிற்கிறது. ஆனால் மண்டையோடு கிடைக்கவில்லை; கரண்டி வடிவப் பற்கள் சிலவே கிடைத்தன. எனவே இதை வரைபவர் தலையருகே வந்ததும் பேனாவை நிறுத்தியாக வேண்டும். எந்த உறவு விலங்கின் தலையைத் துணைக்கு அழைப்பது? அந்தப் பற்களுக்கு எவ்வளவு அகலமான வாய் பொருந்தும்? எழுத்தில் 'மண்டையோடு அறியப்படவில்லை' என்று இரண்டு சொற்களில் கடந்துவிடலாம். ஓவியத்தில் கடக்க முடியாது. அறியாமையின் எல்லையைத் துல்லியமாகக் காட்டும் கருவியை அறிவியலுக்குப் புறம்பானது என்பது என்ன நியாயம்?

"எல்லாம் கற்பனைதானே" என்பது அடுத்த வாதம். அழிந்த விலங்கின் எடையைக் கணக்கிடும் முறைகளில் ஒன்று, எலும்புக்கூட்டின் மேல் தசையைப் பொருத்தி உடலின் கொள்ளளவை மதிப்பிடுவது. அந்தத் தசையின் எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் வரைந்தார். அந்தக் கோட்டிலிருந்து பிறந்த எண்ணைக் கட்டுரையில் அச்சிட்டால் ஆய்வு; அந்தக் கோட்டையே காட்டினால் கற்பனையா?

கற்பனை பிழைபடும் என்பது உண்மை. 19ஆம் நூற்றாண்டில் இகுவானோடான் என்ற தாவர உண்ணியின் கூரிய எலும்பொன்றை மூக்கின்மேல் கொம்பாக வைத்து வரைந்தார்கள். 1854இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் நிறுவிய பெருஞ்சிலைகளிலும் கொம்பு ஏறியது. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் சுரங்கத்தில் எலும்புகள் கலையாத முழு உடல்கள் கிடைத்தபோதுதான் அது கட்டைவிரல் முள் என்று உறுதியானது. இதைச் சொல்லி ஓவியர்களை எள்ளுவோர் ஒன்றை மறக்கிறார்கள். எலும்பை மூக்கில் வைத்தவர்கள் ஓவியர்கள் மட்டுமல்லர், அக்காலத்து அறிஞர்களும்தான். கருத்து படமாக எல்லார் கண்முன்னும் நின்றதால்தான் பிழையும் எல்லாருக்கும் தெரிந்தது.

படம் சரியாக இல்லாததால் நேர்ந்த இழப்பு நம் மண்ணிலேயே இருக்கிறது. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்த பேருருவ எலும்புகளுக்கு 1987இல் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். முதலில் ஊனுண்ணி என்றே வகைப்படுத்தப்பட்டது. பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்ற கருத்து வலுப்பெற்றது. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமென்று பதிவான கீழ்க்கால் எலும்பு, உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளின் வரிசையில் அதை நிறுத்தக்கூடியது. ஆனால் எலும்புகள் உதிர்ந்து அழிந்துவிட்டன. எஞ்சியவை விவரம் குறைந்த சில கோட்டுப் படங்கள். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, இது எலும்பா, கல்லான மரத்துண்டா என்றுகூட உலகம் ஐயுற்றது. பழைய ஒளிப்படங்கள் 2022இல் வெளியான பின்னரே விவாதத்துக்குப் பற்றுக்கோடு கிடைத்தது. அன்று அந்த எலும்பருகே அமர்ந்து பல கோணங்களில் அளந்து வரைய ஒருவர் இருந்திருந்தால், முப்பத்தைந்து ஆண்டு ஐயம் எவ்வளவோ குறைந்திருக்கும். வரைதலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியதற்கு நாம் கொடுத்த விலை இது.

இப்போது புதிதாக இன்னொரு வாதம்: "செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நொடியில் படம் தருமே, நீங்கள் ஏன் வாரக்கணக்கில் வரைகிறீர்கள்?" தரும். ஏற்கெனவே இணையத்தில் நிறைந்து கிடக்கும் படங்களின் சாயலில் தரும். அங்கே நிறைந்து கிடப்பவை அமெரிக்க விலங்குகள்.

ஒரு சான்று சொல்கிறேன். மகாராஷ்டிரத்தின் டோங்கர்காவ் பகுதியில் கிடைத்த ஐசிசாரஸ் என்ற தாவர உண்ணியை நான் வரைந்தபோது, அதன் காலடியில் சில புற்கொத்துகளை வைத்தேன். "டைனோசர் காலத்தில் புல் ஏது? அழித்துவிடுங்கள்" என்று அறிவுரைகள் குவிந்தன. டைனோசர் ஓவியர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவந்த விதி அது. ஆனால் அதே வட்டாரத்தின் பிஸ்துராவில் கிடைத்த, டைட்டனோசர்களுடையவை எனக் கருதப்படும் சாணப் புதைபடிவங்களில், புல்லின் செல்களில் உருவாகும் நுண்ணிய சிலிக்கா மணிகள் இருப்பதை லக்னோவில் பணியாற்றிய அறிஞர்களும் அவர்களுடைய அயல்நாட்டுச் சகாக்களும் 2005இல் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தார்கள். பனை, ஊசியிலை மர வகைகளின் எச்சங்களும் அவற்றில் இருந்தன. ஆகவே ஐசிசாரஸின் காலடியில் புற்கொத்து வரலாம். மேய்ச்சல் புல்வெளி வரக் கூடாது. அதற்குப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாராபாசாரஸுக்கோ ஒரு புல்கூட வரக் கூடாது. பெரணியும் சைக்கஸ் போன்றவையும் ஊசியிலை மரங்களும்தாம் வர வேண்டும். இந்த வேறுபாட்டைச் செயலி தானாகக் கேட்காது. வரைபவர்தாம் கேட்டாக வேண்டும்.

ஆகவே, பேராசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள்கள் மூன்று. இந்திய டைனோசரைப் பற்றிய சுவரொட்டியிலும் பாடத்திலும் இந்திய டைனோசரின் படத்தை இடுங்கள். வரைந்தவரின் பெயரையும் இடுங்கள். எலும்புகளைப் பார்த்து வரைவதைச் செய்முறைப் பாடத்தில் சேர்த்து மதிப்பெண் கொடுங்கள். ஆய்வேட்டில் மறுஉருவாக்கப் படம் இருந்தால், ஒரு பத்தியைக் கேள்வி கேட்பதுபோல் அதையும் கேள்வி கேளுங்கள். விடை சொல்ல முடியாவிட்டால் நீக்கச் சொல்லுங்கள். என்னிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் குறை அதுதான்.

வரையும் மாணவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. படத்தின் எந்தப் பகுதி எலும்பிலிருந்து வந்தது, எது உறவு விலங்கிலிருந்து பெறப்பட்டது, எது வெறும் ஊகம் என்பதைப் பிரித்துக் காட்டுங்கள். அதைச் செய்யாத அழகிய படம், சான்றில்லாத கட்டுரையைப் போன்றதே.

நீக்கப்பட்ட படத்தை இப்பதிவோடு இணைத்திருக்கிறேன். முழுக்கோடு எலும்புச் சான்றுள்ள பகுதி; இடைவிட்ட கோடு உறவு விலங்குகளிலிருந்து பெற்றது; புள்ளிக்கோடு என் ஊகம். தலை முழுவதும் இடைவிட்ட கோட்டிலும் புள்ளிக்கோட்டிலுமே இருக்கிறது. இடது பின்னங்காலின் மடிப்பு எனக்கே நிறைவாக இல்லை. எலும்பியல் அறிந்தோர் குறைகளைக் குறிப்பிட்டால், வரும் ஞாயிற்றுக்கிழமை திருத்தி மீண்டும் பதிவிடுவேன்.