துணையெனும் விலங்கு

பெண் தனித்துப் பயணஞ் செய்யலாகாது என்பது நம் மலையகத்தில் எழுதப்படாத சட்டமாக நிலவுகின்றது. பசறையிலோ லுணுகலையிலோ ஒரு தோட்டத்து மாணவி பல்கலைக்கழக அனுமதி பெற்றதும் வீட்டில் எழும் முதல் வினா "என்ன படிக்கப் போகிறாய்?" என்பதன்று, "யாருடன் போவாய்?" என்பதே. துணைக்குச் சென்றால் தந்தைக்கு ஒருநாட் கூலி இழப்பு. தமையனுக்கோ விடுமுறை இல்லை. ஈற்றில் அவளுடைய கல்வியே பலியாகின்றது.

இவ்வச்சத்துக்கு மரபைக் காரணங் காட்டுவர். மரபையே நோக்குவோம். பெண்ணுடன் கடல் கடத்தல் வழக்கமன்று எனத் தொல்காப்பியம் கூறும். ஆயின் 19ஆம் நூற்றாண்டிலேயே நம் பாட்டிமார் கங்காணிமாருடன் பாக்குநீரிணையைக் கடந்தனர். காட்டுவழி நடந்து மலையேறினர். அன்று தோட்டங்களுக்குக் கைகள் தேவைப்பட்டன. ஆதலின் மரபு வாய் திறக்கவில்லை. மதுரையை நீங்கித் தனியளாய்ச் சேரநாட்டு மலைவரை நடந்த கண்ணகியைப் பத்தினித் தெய்வமெனத் தொழுகின்றோம். நம் மகள் பதுளைப் புகையிரத நிலையம்வரை தனியே செல்வதற்கோ அஞ்சுகின்றோம். 1924இல் பதுளையை அடைந்த அந்த இருப்புப்பாதையில் ஓடிய வண்டிகளுக்கு 'உடரட்ட மெனிகே', 'பொடி மெனிகே' எனப் பெண் பெயர்களையே சூட்டினர். வண்டி பெண்ணாகலாம், தனித்த பயணி மட்டும் பெண்ணாகலாகாது போலும்!

இதனினும் பெரிய முரண்பாடு ஒன்றுண்டு. இதே தோட்டங்களிலிருந்து பெண்கள் வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தனியே செல்கின்றனர். மொழியறியா நாட்டில், முன்பின் அறியாதவர் வீட்டில் ஆண்டுக்கணக்காக உழைக்கின்றனர். கட்டுநாயக்காவில் அவர்களை விமானமேற்றிவிட்டுத் திரும்பும் நாமே, மகள் பேராதனைக்குத் தனியே போவதென்றால் நடுங்குகின்றோம். பணம் தேடும் பயணத்துக்குத் துணை வேண்டியதில்லை, அறிவு தேடும் பயணத்துக்கே வேண்டுமெனின், நாம் காப்பது பெண்ணையன்று. அவள்மீது நமக்குள்ள அதிகாரத்தையே.

"ஆபத்து உண்மையன்றோ?" எனக் கேட்பீர்கள். உண்மையே. இலங்கையின் பஸ்களிலும் புகையிரதங்களிலும் செல்லும் பெண்களில் 90 சதவீதத்தினர் ஒருமுறையேனும் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் 2015ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. பொலிசை நாடியோர் 4 சதவீதத்தினரே. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இன் திருத்தப்படி, இக்குற்றத்துக்கு ஐந்தாண்டுவரை சிறை விதிக்கின்றது. சட்டமிருந்தும் அவள் ஏன் வாய்மூடுகின்றாள்? வீட்டில் தெரிந்தால் அடுத்த பயணம் நின்றுவிடும் என்பதனாலன்றோ? தொல்லை செய்தவன் மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறுகின்றான். தொல்லையுற்றவள் லயத்தில் அடைபடுகின்றாள். இது காப்பன்று, குற்றவாளிக்கு நாம் அளிக்கும் பரிசு.

ஆகவே பெற்றோரே, நடந்ததைச் சொல்லும் மகளைத் தண்டியாதீர். அவளுடன் பொலிஸ் நிலையம் செல்லுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே பதியுமாறு கேளுங்கள். துணைசெல்ல வேண்டிய இடம் அதுவே.

சகோதரிகளே, அச்சம் நீங்கிய பின் புறப்படுவோம் எனக் காத்திராதீர். புறப்பட்டாலன்றி அது நீங்காது. முதலில் பதுளை நகர், பின்னர் பண்டாரவளை, அதன்பின் கண்டி எனப் பழகுங்கள். நடமாடும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் வழங்கியுள்ளது. அதில் துணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.