ஒரு தாயின் 18 ஆண்டுகள்



ஜேர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் 1867இல் பிறந்தவர். திறமை கிடைத்தவருக்குக் கடமையும் உண்டு என்ற சிந்தனையை மதபோதகரான பாட்டனாரிடம் பெற்றார். அதனால் தொழிலாளரையும் பசித்த தாய்மாரையும் உள்ளபடியே வரைந்தார்.

1914இல் 18 வயது மகன் பீற்றர் யுத்தத்துக்குப் போகக் கேட்டான். தகப்பன் மறுத்தார், இவரே பரிந்து பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். அந்த ஒக்டோபரிலேயே மகன் பெல்ஜியத்தில் இறந்தான்.

மகனுக்கு ஒரு நினைவுச்சிலை செய்யத் தொடங்கினார். இடையில் கைவிட்டு, மீண்டும் தொடர்ந்தார். 1932இல்தான் அது மயானத்தில் வைக்கப்பட்டது. முழந்தாளிட்ட தாயும் தகப்பனும் மட்டுமே அதில் உள்ளனர், மகன் இல்லை.

"இன்னும் அழுகிறாயா?" என்று நம்மைக் கேட்பவர்களுக்கு நான் இந்த 18 ஆண்டுகளைத்தான் சொல்வேன். துயரத்துக்குத் தவணை இல்லை. அழுதுகொண்டே அவர் வேலையும் செய்தார்.