கூண்டுக் கிளியும் அரசாங்க உரிமமும்

வாரச்சந்தை கூடும் இடங்களிலும் செல்லப்பிராணிக் கடைகள் வரிசையாக அமைந்த தெருக்களிலும், ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டு, நம்மவர் 'லவ் பேர்ட்ஸ்' என்று பொதுப்படச் சொல்லும் சிறு கிளிகள் கூண்டு கூண்டாகப் பகிரங்கமாக விற்கப்படுகின்றன. நம் ஊர்ப் பனைமரப் பொந்திலிருந்து எடுத்துவந்த பச்சைக்கிளிக் குஞ்சுகளோ, சிறகு முளைத்தும் முளையாமலும் துணி போர்த்திய கூடையில் ஒளித்து வைக்கப்பட்டு, தெரிந்தவர்கள் கேட்டால் மட்டும் காட்டப்படுகின்றன. முன்னதை வாங்குகிறவர் எந்தக் குற்றமும் செய்தவராகார். பின்னதை வாங்குகிறவர் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உள்ளாகக்கூடியவர். இந்த வேற்றுமை நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் ஒரு சாரார், அயல்நாட்டுப் பறவையை வளர்க்க இடங்கொடுக்கும் அரசாங்கம் சொந்த நாட்டுப் பறவையை வளர்ப்பதற்கு மட்டும் ஏன் தடை செய்யவேண்டும், உரிமம் ஒன்றை ஏற்படுத்தி வளர்ப்பையும் விற்பனையையும் முறைப்படுத்திவிடலாமே என்று கேட்கிறார்கள். கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆயினும், நன்கு யோசித்தால், நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் விற்பதற்கு உரிமம் கூடவே கூடாது என்ற முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது துப்பாக்கியால் சுடுவதை மாத்திரம் குறிக்காமல், பிடிப்பது, கண்ணிவைப்பது, பறவையின் முட்டையையும் கூட்டையும் குலைப்பது ஆகிய அனைத்தையும் உள்ளடக்கியதாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆரம்பத்தில் சில இனங்களை உரிமத்தின் பேரில் பிடிக்கவும் விற்கவும் வழியிருந்தது. அந்த வழி எவ்வளவு தாராளமாகத் துர்விநியோகம் செய்யப்பட்டது என்பதைக் கண்ட பிறகே, 1991ஆம் ஆண்டின் திருத்தத்தோடு அது அடைக்கப்பட்டது. இந்தியப் பறவைகளின் வியாபாரம் முற்றாக நின்றுபோக வேண்டும் என்பதே அக்காலத்து நோக்கம். 2022ல் மீண்டும் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் இன்றைய வடிவத்தில், ஆறாக இருந்த அட்டவணைகள் நான்காகச் சுருங்கிவிட்டன. பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. சட்டத்துக்கு மாறாக அடைத்துவைக்கப்பட்ட விலங்கு மட்டுமல்ல, அவ்வாறு கூண்டிலேயே பெருக்கப்பட்ட விலங்கும் அரசாங்கத்தின் உடைமை என்று அச்சட்டம் கூறுகிறது.

கிளி வளர்ப்பு நமக்குப் புதிதன்று என்பதை நான் மறக்கவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் இருக்கிறது. அங்கே பல காலம் கூண்டுகளில் கிளிகள் வளர்க்கப்பட்டு, அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கப்பட்டிருந்தன. இன்று அந்த மண்டபத்தில் கிளிகள் இல்லை; அதனால் அம்மனுடைய மகிமையோ பக்தர்களுடைய சிரத்தையோ குறைந்துவிடவுமில்லை. கோயிலே கைவிடத் துணிந்த வழக்கத்தை வீடுகள் கைவிடலாகாதா?

உரிமம் வேண்டும் என்போரின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்வதுதான் நியாயம். தடை ஏட்டளவில் இருக்கிறதேயன்றிச் சந்தையில் இல்லை என்கிறார்கள்; அது உண்மை. வளர்ப்போர் பண்ணை வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து விற்றால், காட்டுக் குஞ்சுக்குக் கிராக்கி இராது என்கிறார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள் என்கிறார்கள். அந்நாட்டின் மாநிலங்களில் பெரும்பாலானவை, தம் நாட்டுப் பாம்புகளையும் பல்லிகளையும் பறவைகளையும் உரிமத்தின் பேரில் வீட்டில் வளர்க்க அநுமதிக்கின்றன என்பது மெய்யே. அங்கே உரிமம் பெற்றவர், எந்தப் பிராணியை யாரிடமிருந்து எப்பொழுது பெற்றார், யாருக்குக் கொடுத்தார், எது பிறந்தது, எது இறந்தது என்ற விவரங்களைப் பதிந்து வைக்கவேண்டும். உரிமமுள்ளவர் உரிமமுள்ளவரிடம் மட்டுமே கொள்வனையும் கொடுப்பனையும் வைத்துக்கொள்ளலாம். காட்டிலிருந்து தாமாக எடுத்துவரலாகாது. இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பின்னால், உயிருள்ள நாட்டு ஊர்வனவற்றையும் பறவைகளையும் வியாபாரத்துக்காக வெளிநாடு அனுப்புவதை அத்தேசத்து மத்தியச் சட்டம் அடியோடு தடுத்து வைத்திருக்கிறது. அப்படியிருந்தும், ஷிங்கிள்பேக் என்னும் பல்லியினத்தைத் துணியில் சுற்றித் தபால் பொட்டலங்களில் கடத்துவோர் அங்கே அடிக்கடி பிடிபடுகிறார்கள். உரிம முறை நன்றாக நடக்கும் நாடு என்று காட்டப்படும் இடத்திலேயே நிலைமை இப்படியென்றால், சந்தைக் கூடையை வாரந்தோறும் சோதிக்கப் போதுமான ஆள் இல்லாத நம் வனத்துறையால் ஒவ்வொரு வீட்டுப் பதிவேட்டையும் சோதிக்க முடியும் என்று நம்புவதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

இந்த விஷயத்தின் ஜீவாதாரமான முடிச்சு, பிராணி எங்கே பிறந்தது என்பதை நிரூபிப்பதில்தான் இருக்கிறது. பண்ணையில் பிறந்த கிளியும் பனையில் பிறந்த கிளியும் பார்வைக்கு ஒன்றே. இந்தோனேசியாவிலிருந்து, பண்ணையில் பிறந்தவை என்ற சான்றோடு ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளின் மூலத்தை ஆராய்ந்த இரு அறிஞர்கள், அவற்றில் குறைந்தது 80 விழுக்காடு காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவையே என்று 2011ல் வெளியிட்டார்கள். பாம்பு பண்ணையில் பொரித்ததுதான் என்பதற்கு முட்டையோட்டைச் சாட்சியாகக் காட்டவேண்டும் என்று அவர்கள் யோசனை கூறும் அளவுக்கு, சான்றிதழின் மதிப்பு அங்கே தாழ்ந்துபோயிருந்தது. இதற்குக் காரணம் அந்நாட்டு மக்களின் தனிப்பட்ட தீய குணமன்று, கணக்குத்தான் காரணம். கிளி ஜோடி ஒன்றைப் பருவம் வரும்வரை ஆண்டுக்கணக்கில் இரையிட்டுக் காத்து, அதற்குத் தகுந்த பொந்தும் மறைவும் அமைத்துக் கொடுத்து, பிறகு கிடைக்கும் நாலைந்து முட்டைகளில் எத்தனை பிழைக்குமோ என்று ஏங்கியிருக்கும் பண்ணைக்காரருக்கு ஆகும் செலவு எங்கே, தை மாதம் முதற்கொண்டு மரமேறத் தெரிந்த ஒரு சிறுவனுக்குச் சில ரூபாய் கொடுத்துக் குஞ்சுகளை இறக்குகிறவருக்கு ஆகும் செலவு எங்கே! முதலாமவருக்கு வழங்கப்படும் உரிமச்சீட்டு, இரண்டாமவருடைய சரக்குக்கு மேலாடையாகிவிடும் என்பதைத் தீர்க்கதரிசனம் இல்லாமலே சொல்லிவிடலாம்.

மெதுவாக வளரும் நட்சத்திர ஆமையின் விஷயத்தில் இந்த அபாயம் இன்னும் அதிகம். நம் நாட்டிலும் இலங்கையிலும் பாகிஸ்தானிலும் புதர்க்காடுகளில் வாழும் இந்தச் சாதுவான பிராணியைப் பெட்டிகளில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் முயற்சிகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. கடத்தலின் அளவைக் கண்டே, 2019ல் ஜெனீவாவில் கூடிய, வனவிலங்கு வியாபாரம் பற்றிய சர்வதேச மாநாடு, அதன் வியாபாரத்தை ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கும் முதற்பட்டியலுக்கு அதை உயர்த்தியது.

உரிமம் என்ற ஏற்பாடே வேண்டாம் என்பது என் கட்சியன்று. நல்ல உரிமம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு, மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் ஓர் உதாரணம் இருக்கிறது. தமிழர்களே அதைப் போதிய அளவு அறியாதிருப்பது வருத்தத்துக்குரியது. இருளர் சமூகத்தார் ஒரு காலத்தில் பாம்புகளைப் பிடித்துத் தோலுக்காக விற்றுப் பிழைத்தார்கள். 1972ஆம் ஆண்டின் சட்டமும், அதையடுத்துப் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடையும் அந்தப் பிழைப்பை ஒரேயடியாக முடித்துவைத்தன. பாம்பைக் காத்த சட்டம் பாம்பு பிடிப்பவரைப் பட்டினி போட்டது. அந்த நெருக்கடியில்தான், பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் தூண்டுதலாலும் இருளர்களின் உழைப்பாலும், 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு இனங்களையும், உயிர்காக்கும் மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுப்பதற்காக மாத்திரம், வனத்துறை குறித்துக்கொடுக்கும் எண்ணிக்கைக்குள் பிடிக்க அவர்களுக்கு அநுமதி உண்டு. பிடித்த பாம்பு மண்பானையில், பானையின் வாயைத் துணியால் கட்டி வைக்கப்படுகிறது. தேதி, இனம், எடை யாவும் பதிவாகின்றன. மூன்று நான்கு வாரங்களில் சில முறை விஷம் எடுக்கிறார்கள். பிறகு, மீண்டும் உடனே பிடித்துவிடாதபடி அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். உலர்த்திய விஷம் மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. இந்த நாட்டில் பாம்புக்கடிக்குச் செலுத்தப்படும் விஷமுறிவு மருந்தின் மூலப்பொருளில் மிகப் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்துதான் போகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு 2023ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டபோது, நெடுங்காலம் தாமதித்த ஒரு மரியாதை செலுத்தப்பட்டதாகவே நான் மகிழ்ந்தேன்.

இந்த அநுமதியில், எதற்காக, எந்த இனம், எத்தனை, எவ்வளவு காலம் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை இருக்கிறது. பிராணி விற்கப்படுவதில்லை, அதன் விஷமே விற்கப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது திரும்பிப் போகிறது. பொதுஜன நன்மைக்கு இது இன்றியமையாதது என்பதில் யாருக்கும் இரண்டாம் அபிப்பிராயம் இராது. இவ்வளவு சிறந்த ஏற்பாட்டுக்குரிய உத்தரவே சில ஆண்டுகளில் உரிய காலத்தில் கைக்கு வராமல் இருளர் குடும்பங்கள் காத்திருக்க நேர்ந்ததுண்டு. உரிமம் வழங்குவதில் அரசாங்கம் சுறுசுறுப்பைக் காட்டவேண்டிய இடம் இதுதான். வரவேற்பறையில் பேசிக்காட்டும் கிளிக்காக உரிமம் கேட்பவரிடம், அந்த நான்கு கேள்விகளில் எதற்கு விடை இருக்கிறது?

விற்பனையைத் தடுத்துவிட்டு, தானம், குத்தகை என்ற வாசல்களைத் திறந்து வைப்பதும் ஆகாது என்பதை யானைகளின் சரித்திரம் போதித்திருக்கிறது. உரிமைச் சான்றிதழ் உள்ள யானையையும் விற்கலாகாது என்று சட்டம் சொன்னபின், வடகிழக்கிலிருந்து யானைகள் குத்தகையாகவும் காணிக்கையாகவும் தென்னாட்டுக்கு வந்துகொண்டே இருந்தன. அசாமிலிருந்து அவ்வாறு வந்து தமிழகக் கோயிலொன்றில் தங்கிவிட்ட யானையைப் பற்றி 2022ல் இரு மாநிலங்களுக்கிடையே பிணக்கே மூண்டது. அப்படியிருக்க, அதே ஆண்டின் திருத்தம், சமயக் காரியத்துக்கோ வேறெந்தக் காரியத்துக்கோ யானையைக் கைமாற்றலாம் என்று விலக்களித்ததை எவ்விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. 'வேறெந்தக் காரியத்துக்கும்' என்ற ஒரு தொடர் போதும், ஒரு சட்டம் முழுவதையும் பயனற்றதாக்குவதற்கு.

இனி, ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் கிளிகளின் கதி என்ன? 2024 தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பகுதியில் ஒரு கிளி ஜோசியரின் கிளிகளை வனத்துறை கைப்பற்றியபோது, ஏழையின் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று பலர் ஆத்திரப்பட்டார்கள். அந்த ஆத்திரத்தில் நியாயம் இல்லாமலில்லை; பொந்திலிருந்து குஞ்சை இறக்கி விற்கும் மொத்த வியாபாரியை விட்டுவிட்டு, ஆலமரத்தடியில் சீட்டெடுக்க வைப்பவரைப் பிடிப்பதால் ஒரு குஞ்சுகூடக் காப்பாற்றப்படப் போவதில்லை. சிறகு கத்தரிக்கப்பட்டு, மனிதர் கையால் உண்டு பழகிய கிளியைத் திடீரென்று வெளியே பறக்கவிடுவதும் கருணையன்று. பூனையோ பருந்தோ மறுநாளே அதன் கதையை முடித்துவிடும். ஆகையால், தண்டனைப் பயமின்றி ஒப்படைப்பதற்கு ஓர் அவகாசம் அறிவித்து, ஒப்படைக்கப்படும் பறவைகளைச் சிறகு முளைத்துப் பறந்து பழகும்வரை பராமரிக்க மாவட்டத்துக்கொரு மறுவாழ்வு நிலையம் அமைக்கவேண்டும். மீளவே முடியாதபடி முடமான பறவையை மட்டும், காலில் வளையமிட்டுப் பதிவு செய்து, விற்கவோ கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனையோடு அதன் ஆயுள் முடியும்வரை வைத்திருக்க விடலாம். கையிலுள்ள வனவிலங்குகளை அறிவிக்க 2003ல் மத்திய அரசாங்கம் ஒருமுறை அவகாசம் கொடுத்ததுண்டு. ஆகவே இந்த யோசனை முன்மாதிரியில்லாததன்று. ஜோசியத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு, இருளர்களுக்குக் கிடைத்ததைப்போல ஒரு மாற்றுத் தொழில் கிடைக்க ஏற்பாடு செய்வது அரசாங்கத்தின் கடமை. அதைச் செய்யாமல் தண்டிப்பது மட்டும் கடமையாகாது.

அயல்நாட்டு இனங்களுக்கு, 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, சர்வதேசப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் பதிந்துகொள்ளவேண்டும் என்ற ஏற்பாடு இப்போது வந்திருக்கிறது. பிறப்பும் இறப்பும் கைமாற்றமும் அறிவிக்கப்படவேண்டும். நல்ல தொடக்கம், அது எவ்வளவு சிரத்தையோடு நடத்தப்படுகிறது என்பதைச் சில ஆண்டுகள் பார்த்த பிறகே எதையும் சொல்லமுடியும். அந்த ஏற்பாட்டைக் காட்டி, நாட்டுக் கிளிக்கும் நட்சத்திர ஆமைக்கும் அதே வசதியைக் கேட்க வருகிறவர்களுக்கு மத்திய அரசாங்கம் இடங்கொடுக்கலாகாது. நம் வனத்துறை, எந்தெந்தப் பறவையையும் பிராணியையும் வளர்ப்பது குற்றம் என்பதைப் படத்தோடு தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு வாரச்சந்தையின் வாயிலிலும், செல்லப்பிராணிக் கடைச் சுவரிலும் ஒட்டவேண்டும். வாசகர்களையும் நான் வேண்டிக்கொள்கிறேன்: தை பிறந்ததும் சந்தைக்கு வரும் பச்சைக்கிளிக் குஞ்சை, பரிதாபத்தினால்கூட விலை கொடுத்து வாங்காதீர்கள், அந்தப் பணம் அடுத்த பொந்தைத் தேடிக்கொண்டுதான் போகும். விற்கும் இடத்தை வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.